கோழிக்கோட்டு ரோடும் கடலூர் இந்துமதியும்

எங்கள் ஊர் குண்டலுபேட்டை. மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்துவீர்களே, அதே ஊர்தான். அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று பந்திப்பூர் காடு வழியாக ஊட்டிக்கு, இன்னொன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கு. அப்பா அந்த இரண்டாவது ரோட்டில் காய்கறி லாரி ஓட்டினார். அப்போதெல்லாம் ராத்திரியும் வண்டி போகும். யானைக்கும் மானுக்கும் வழிவிட்டு ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியது 2009-இல்தான்.

1980 ஜனவரியில் ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வந்த அப்பா, "கோழிக்கோட்டுல பொம்பளைப் புள்ளைங்க பந்து ஆடுறாங்க, அப்படி ஒரு கூட்டம்" என்றார். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. அக்கா அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கிறது. எத்தனை பேர் ஆடினாங்க? பாவாடையா, நிஜாரா? யார் ஜெயிச்சது?

அப்பா பார்த்தது ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தியா ஒன்றல்ல, இரண்டு அணிகளை இறக்கியது. ஒன்று இறுதிப்போட்டி வரை போய் சீன தைபேயிடம் 0-2 என்று தோற்றது. அடுத்த வருஷம் ஹாங்காங்கில் மூன்றாவது இடம், 1983-இல் பாங்காக்கில் மறுபடி இரண்டாவது இடம். அந்த அணியின் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார்.

இப்போது நான் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் ஜப்பானில் அப்போது என்ன நிலைமை தெரியுமா? கோழிக்கோட்டுப் போட்டி நடந்தபோது இவர்களுக்கு அதிகாரபூர்வமான பெண்கள் தேசிய அணியே கிடையாது. உள்ளூர்ப் போட்டியில் பெண்கள் எட்டு எட்டு பேராகச் சின்னப் பந்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் முதல் சர்வதேச ஆட்டம் 1981 ஜூனில், ஹாங்காங்கில். அதிலும் தோல்வி.

பிறகு 1989-இல் இங்கே பெண்களுக்கு லீக் தொடங்கினார்கள். 1993-இல் ஹோமாரே சாவா என்ற பதினைந்து வயதுப் பெண் தேசிய அணிக்கு வந்தார். ஆறு உலகக் கோப்பைகள் ஆடிய நடுக்கள ஆட்டக்காரர். 2011 இறுதிப்போட்டியில் அமெரிக்கா முன்னிலையில் இருந்தபோது 117-ஆவது நிமிஷத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைக் காலின் வெளிப்பக்கத்தால் தட்டி உள்ளே விட்டார் பாருங்கள், அதை இங்கே குழந்தைகள் கூட நடித்துக் காட்டும். பெனால்டியில் ஜப்பானுக்குக் கோப்பை.

நாம்? பெண்கள் கால்பந்துக்குத் தனியாக இருந்த சங்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரிய சங்கத்தோடு சேர்ந்தது. சேர்த்தார்களே தவிர கவனித்தார்களா என்று கேட்காதீர்கள். நீண்ட நாள் ஒரு ஆட்டமும் ஆடாததால் 2009-இல் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே இந்தியாவின் பெயர் போய்விட்டது. இந்தியப் பெண்கள் லீக் 2016-17 சீசனில்தான் வந்தது. ஜப்பானுக்கு இருபத்தேழு வருஷம் பின்னால்!

2023 அக்டோபரில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று, தாஷ்கண்டில் இந்தியாவும் ஜப்பானும். இங்கே பள்ளி அணியில் ஆடும் என் மகளோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். 0-7. ஆட்டம் முடிந்ததும், "அப்பா, நம்ம ஊர்ப் பக்கம் ஆடுறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். பாவம், ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொன்னேன். 1994-இல் பிறந்தவர், கடலூர்க்காரர். 2004 சுனாமியில் அடிபட்ட அந்த ஊரிலிருந்து எத்தனை பெண்கள் கால்பந்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதே தனியாக எழுத வேண்டிய கதை. சாவாவைப் போல இவரும் நடுக்களம். ஓடிக்கொண்டே இருக்கும் இடம் அது. பின்னால் பந்தைப் பறிக்க வேண்டும், முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பெயர் மட்டும் கோல் போட்டவருக்கு. இந்துமதி கோலும் போடுவார். 2019 தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு. கோப்பையும் இந்தியாவுக்கு.

அதற்கு முந்தைய வருஷம் கட்டக்கில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் வெல்வது என்றால் மும்பையை ரஞ்சியில் வெல்கிற மாதிரி. 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இரண்டு அணியிலும் இந்துமதி இருந்தார்.

இவ்வளவு ஆடியும் சோறு போட்டது தமிழ்நாடு போலீஸ் வேலைதான். சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் மற்ற நாட்டு ஆட்டக்காரர்கள் வீட்டு மாடியில் பயிற்சி செய்து படம் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர் சென்னையில் முகக்கவசத்தோடு தெருவில் டூட்டி. மறு வருஷம் நவம்பரில் பிரேசிலோடு ஆட மனாஸ் போன இந்திய அணியில் இருந்தார். 1-6 தோல்வி.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. ஈரானோடு முதல் ஆட்டம் 0-0. அடுத்த ஆட்டத்துக்கு முன் அணிக்குள் கொரோனா பரவி, ஆட ஆளில்லாமல் இந்தியா போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று. அந்த அணியிலும் இந்துமதி இருந்தார். சொந்த மண்ணில் ஒரு ஆசியக் கோப்பை, அதுவும் ஒரே ஆட்டத்தோடு முடிந்தது. எனக்கு 0-7-ஐ விட இதுதான் வலித்தது.

2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று, தகுதிச்சுற்று ஆடி முதல்முறையாக ஆசியக் கோப்பைக்கு இந்தியா தேர்வானது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். அவரும் நடுக்களம்தான்!

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அக்கா கோழிக்கோட்டு ஜனவரிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் பையன்களோடு ஒரு வருஷம் ஆடினாள். பிறகு தாவணி, பிறகு அக்கம்பக்கத்துப் பேச்சு, பிறகு ஒன்றுமில்லை. அம்மா அந்தப் பந்தை எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் அதை உருப்படியாக உதைத்ததே இல்லை.

தாய்லாந்துக் கதையைச் சொல்லி, கூடவே இந்துமதி கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அந்தப் போலீஸ்காரப் பொண்ணு எங்க ஆடுதுன்னு சொன்னே?"

"நடுவுலக்கா."

"நானும் நடுவுலதான்டா ஆடினேன்" என்றாள் அக்கா. அப்புறம் மகள் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டாள்.