மலைநாட்டுச் செவியும் கையடக்க இசைக்கருவியும்

இசையைக் கேட்டு இன்புறுவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று ஓய்வு, மற்றொன்று கருவி. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியாவையும் அட்டனையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு இவ்விரண்டும் நெடுங்காலம் அரியனவாகவே இருந்தன. நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தன்னுள் அடக்கிக்கொண்டு சட்டைப்பையிற் கிடக்கும் சின்னஞ்சிறு கருவி அவர்கள் கைக்கு எவ்வழியாக வந்தது? அது அவர்களுக்குக் கொடுத்தது யாது? இன்னும் கொடுக்கக்கூடியது யாது? இவற்றை, நேயர்களே, சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

முதற்கண் கருவியில்லாத காலத்தை நினைவு கூர்வோம். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர என்னுந் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை நாட்டினார். கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் மலைகள் யாவும் தேயிலையாயின. புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய மக்கள் பொருளென்று கொண்டுவந்தது மிகக் குறைவு; பாட்டென்று கொண்டுவந்ததோ மிக அதிகம். தாலாட்டும் ஒப்பாரியும், காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் அவர்களோடு மலையேறின. விடியற்காலையிலே தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பின் ஒலியே. மாலையிலே கூத்துக்கு அழைத்ததும் அதே தப்பின் ஒலியே. இசை அந்நாளில் மக்கள் வாயில் இருந்தது. கேட்பவர், பாடுபவர் என்ற பிரிவு பெரிதாக இல்லை.

இசைக்கருவி என்பது முதலில் துரையின் பங்களாவுக்கே வந்தது. கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். எனினும் அதை வாங்குவது தொழிலாளிக்கு எட்டாத காரியம். கொழும்பிலே தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பிச் சோதனை செய்தார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. ஆயினும், வால்வு என்னும் கண்ணாடிக் குழல்களால் இயங்கிய அக்காலத்து வானொலிப் பெட்டிக்கு மின்சாரமோ பாரமான பற்றரியோ இன்றியமையாதது. தேயிலைத் தொழிற்சாலையில் மின்சாரம் இருக்கும். அதன் கீழே சரிவில் உள்ள லயத்தில் இராது. ஆகவே வானொலி பங்களாவிலும் பட்டினத்திலும் பாடியது. லயத்தார் செவிக்கு அது தூரத்து ஒலியாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது ஒரு சிறு பொருள். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராட்டெயின் என்போர் டிரான்சிஸ்டரை உருவாக்கினர். ஷாக்லி அதனை மேலும் செம்மைப்படுத்தினார். மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். வால்வைப் போலச் சூடேற வேண்டிய இழை அதற்கில்லை; கைவிளக்குக்கு இடும் பற்றரியே போதும். 1954இல் ரீஜென்சி என்ற முதற் சட்டைப்பை வானொலி 49 டொலர் 95 சதத்துக்கு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் தனது டிரான்சிஸ்டர் வானொலியை வெளியிட்டது. பின்னர் விலை குறையக் குறைய, இக்கருவி கடல் கடந்து, மலையேறி, லயக் காம்பிராவின் சுவரிலே ஆணியில் தொங்கலாயிற்று.

அச்சிறு பெட்டியைத் தோட்டத்து மக்கள் எவ்வாறு பேணினர் என்பது தனியே சொல்லத்தக்கது. மழையும் மூடுபனியும் ஓயாத அவ்விடத்தில் ஈரம் ஏறாதிருக்க அதற்குத் துணியுறை தைத்தனர். வலுவிழந்த பற்றரியை வெயிலில் வைத்துச் சூடேற்றி மேலும் சில நாள் பாடச் செய்தனர். சம்பள நாள் வரும்வரை பற்றரியைக் காப்பதற்காக, இன்ன நிகழ்ச்சிக்கு மட்டுமே திறப்பது என்று விதி வகுத்தனர். பெட்டி ஒருவருடையது; பாட்டோ லயம் முழுவதற்கும் உரியது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பிராக்களில் ஒரு வீட்டின் ஒலி மறுவீட்டுக்குக் கேளாதிருக்க வழியில்லை. அக்குறையே ஈண்டு ஒரு நிறைவாயிற்று.

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். தோட்டத்திலே 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலையைக் கணக்கில் எழுதுவது 'பேர் போடுதல்'. கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. மனிதரின் பெயர் கூலிக்கணக்கின் அளவாகச் சுருங்கிவிட்ட இடம் அது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்காளர் இடாப்பினின்றும் அவர்கள் பெயரை நீக்கின. அக்காலத்திலேதான், 1950இல் தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பின் வழியாக இலங்கை வானொலியின் தமிழ்க்குரல் ஓங்கிற்று. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளரின் பெயரை இலங்கையிலும் தமிழகத்திலும் அறியாதார் இலர். நேயர்கள் அஞ்சலட்டை எழுதிப் பாட்டுக் கேட்டனர். அவர்தம் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. தோட்டத்து முகவரிகளும் அவற்றுள் இருந்தன. எந்த இடாப்பிலும் இடம்பெறாத ஒருவர் தம் பெயரைத் தாமே வாங்கிய கருவியிலிருந்து, நாடு முழுவதும் கேட்க, மரியாதையோடு சொல்லக் கேட்டார் என்றால், அந்த இன்பம் பாட்டின் இன்பத்தினும் பெரிதன்றோ?

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் தீர்மானிக்கப்பட்டது. கணக்கு இலகுவாக முடிந்தது, குடும்பங்களோ பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவருட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே மறுபடியும் கொழுந்து கொய்யச் சென்றனர். இலங்கை வானொலியின் குரலோ எக்கலையிலிருந்து எழுந்து, வானத்தின் மேலடுக்கிலே பட்டுத் திரும்பிக் கடலுக்கப்பாலும் கேட்டது. அட்டனில் தங்கிய அக்காளும் அக்கரைக்குப் போன தம்பியும் ஒரே காலையில் ஒரே 'பொங்கும் பூம்புன'லைக் கேட்க இயலுமாயிற்று.

எனினும் டிரான்சிஸ்டருக்கு ஒரு வரம்பு உண்டு. கேட்கும் உரிமையை அது தந்தது. தேர்ந்து கொள்ளும் உரிமையைத் தரவில்லை. பாடுவதை நிலையம் தீர்மானிக்கும். போய்விட்ட பாட்டை மீட்க முடியாது. இந்த வரம்பைத் தகர்த்தது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சிறு கசெட்டும், 1979 ஜூலை முதல் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் 'வாக்மனு'ம் இசையை நடந்து செல்லும் மனிதனின் சொந்தமாக்கின. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்று மீண்ட மகளிர் கொண்டுவந்த பொருள்களுள் கசெட் வானொலியும் ஒன்று. ஆனால் மலைநாட்டு ஈரத்திலே நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். கருவியின் உருளையிற் சிக்கி அது சுருண்டுவிடுவதும் உண்டு.

அடுத்து வந்ததே இலக்கமுறைக் கருவி. மனிதச் செவிக்குப் புலனாகாத ஒலிக்கூறுகளை நீக்கிப் பாட்டின் அளவைச் சுருக்கும் எம்.பி.3 என்னும் முறையை உருவாக்கியதில் ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவன அறிஞருக்குப் பெரும்பங்கு உண்டு. இறுவட்டில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். இம்முறையால் அது ஒரு மெகாபைட் அளவாகச் சுருங்கும். 1998இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் 32 மெகாபைட் நினைவகங் கொண்ட கருவியை வெளியிட்டது. அதில் அரைமணி நேர இசையே அடங்கிற்று. 2001 அக்டோபரில் வந்த ஆப்பிளின் 'ஐபொட்' ஆயிரம் பாட்டுகளை அடக்கியது. பின்னர்ப் பல நிறுவனங்களின் மலிவான கருவிகள், தீப்பெட்டியினும் சிறியனவாக, எங்கும் பரவின. ஐபொட்டின் உற்பத்தி 2022இல் நின்றது. நினைவட்டை செருகிய கைப்பேசியே இன்று அவ்வேலையைச் செய்கின்றது.

மலைநாட்டுக்கு இக்கருவி தனிப்பட்ட முறையில் பொருந்தியது. பண்பலை ஒலிபரப்பின் அலை பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வது. மலைமுகட்டில் தெளிவாகக் கேட்கும் நிலையம் பள்ளத்து லயத்திலே இரைச்சலாகிவிடும். பாட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கருவிக்கு மலையும் தடையன்று, பள்ளமும் தடையன்று. சுழலும் உறுப்பில்லாத சிறு கருவியிலே சிக்குவதற்கு நாடாவும் இல்லை.

ஆனால் அதை வாங்கியவர்கள் புதிய இடர்களையும் கண்டனர். கருவியிற் பாட்டை ஏற்றக் கணினி வேண்டும். தோட்டத்தில் அஃதில்லாதவர் பட்டினத்துக் கடைக்குச் சென்று காசு கொடுத்து ஏற்றி வந்தனர். எனவே தேர்ந்து கொள்ளும் உரிமை மறுபடியும் கடைக்காரரிடம் உள்ள தொகுப்பின் அளவாயிற்று. அத்தொகுப்போ பெரும்பாலும் தமிழகத்துத் திரைப்பாட்டு. மலிவான கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பாட்டின் பெயரைத் தமிழில் இட்டால் வெறுங் கட்டங்களே தோன்றும். ஆதலின் தமிழ்ப்பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதியோ, இத்தனையாவது பாட்டென்று எண்ணியோ கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கைவிளக்குப் பற்றரியை மாற்றலாம்; கருவியின் உள்ளே மூடிவைத்த பற்றரி தளர்ந்தால் நல்ல கருவியும் பயனற்றதாகிவிடும்.

காதுக்குள் பாடும் கருவி மனிதரைத் தனியராக்கிவிட்டது, லயத்தார் கூடிக் கேட்ட காலம் போயிற்று என்று வருந்துவோர் உளர். அதில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு சிறு அறையிலே தந்தையும் தாயும் பாட்டியும் பிள்ளைகளும் நெருங்கி வாழும் வீட்டில், ஓர் இளம்பெண் தான் விரும்பிய பாட்டைத் தன் செவிக்கு மட்டும் கேட்பது, அவள் தனக்கென்று பெற்ற முதல் அறை போன்றது என்பதையும் மறத்தலாகாது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கின்றது. வாயில் இருந்த பாட்டு பெட்டிக்குப் போயிற்று. பெட்டியிலிருந்து சட்டைப்பைக்குப் போயிற்று. இந்தப் பயணத்திலே மலைநாட்டின் சொந்தப் பாட்டு மட்டும் ஏறாமல் நின்றுவிட்டது. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்துப் பேருதவி செய்தார். அச்சுப் புத்தகம் சொல்லைக் காக்கும். மெட்டை அதனாற் காக்க இயலாது. ஒப்பாரியின் இழுப்பும், தாலாட்டின் அசைவும், காமன் கூத்தில் தப்பு மாறும் அடியும் அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

இலக்கமுறைக் கருவிகள் பலவற்றிலே குரலைப் பதியும் வசதியும் உண்டு. இன்றைய கைப்பேசி ஒவ்வொன்றிலும் உண்டு. கிராமபோனுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இல்லாத ஆற்றல் இது. ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு திரைப்படத்தின் இடத்தில் சிறு பகுதியே போதும். தோட்டத்து இளைஞர் ஒருவர் தம் பாட்டியாரை அடுப்பங்கரையில் அமர்த்தி, அவர் பெயரையும் தோட்டத்தையும் முதலிற் சொல்லச் செய்து, பாட்டைப் பதிந்து வைப்பாராயின், ஒரு நூற்றாண்டுச் செல்வம் அழியாது நிற்கும். பேர் போடும் கணக்கிலே நாள்தோறும் எழுதப்பட்ட அப்பெயர், பாடிய பாட்டுக்கு உரியவராக அன்று முதன்முறை எழுதப்படும்.