மூணு படி, எந்தக் கண்மாய்?

எங்க எம்.ரெட்டியபட்டி பக்கம் ஒருத்தர் "மூணு இடத்துல வயல் கிடக்கு"ன்னு சொன்னா, அடுத்து "எந்தக் கண்மாய்ப் பாசனம்?"னு கேக்கணும். மூணும் ஒரே கண்மாயில் பாய்ந்தால், அது வறண்ட வருஷம் மூணும் சேர்ந்தே காயும். கணினிச் சேமிப்பில் இதற்கு ‘ஃபெயிலியர் டொமைன்’ என்று பெயர்: ஒரே காரணத்தால் மொத்தமாகக் கெடக்கூடியவற்றின் கூட்டம்.

இந்தப் பாடம் கணினிக்கு முந்தியது. உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களில் கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடம் தீர்மானித்தார். ஓர் ஊர் ஏட்டைச் செல் அரித்தாலும் இன்னோர் ஊரில் ஒன்று மிஞ்சும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டிப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அச்சு நூலை வேறெங்காவது தேடி வாங்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டை எங்கே தேடுவது? குற்றம் தீ வைத்தவர்களுடையதுதான். ஆனாலும் அந்த ஏட்டுக்கு ஒரு நகல் அதே கூரைக்குக் கீழே இருந்திருந்தால், அதுவும் சேர்ந்தே எரிந்திருக்கும்.

கணினிக்காரர்கள் இதைப் படிப்படியாகக் கற்றார்கள். 1988ல் பெர்க்லியில் வந்த ‘ரெய்டு’ கட்டுரையின் கவலை, ஒரு டிஸ்க் கெட்டால் என்ன செய்வது என்பது. 2003ல் கூகுள் தன் கோப்பு முறையை விளக்கியபோது, படிகளை வேறு வேறு ரேக்குகளில் பரப்பச் சொன்னது. 2006ல் சான்டா குரூஸில் சேஜ் வெயிலும் கூட்டாளிகளும் ‘க்ரஷ்’ முறையை வெளியிட்டார்கள். டிஸ்க், சர்வர், ரேக், அறை என்று வரைபடம் கொடுத்து, எந்த மட்டத்தில் படிகள் பிரியணும்னு நாமே சொல்லலாம். ‘செஃப்’ இதில்தான் ஓடுகிறது.

செஃபில் வழக்கமான அமைப்பு: மூணு படி, மூணு சர்வர். ஒரே மெஷினில் சோதிப்பவர்கள் விதியை ‘டிஸ்க்’ மட்டத்துக்கு இறக்குவாங்க. அதையே மறந்து நிஜ வேலைக்குக் கொண்டுபோனா, மூணு படியும் ஒரே பெட்டிக்குள் விழலாம். திரையில் எல்லாம் பச்சைதான். அந்தப் பெட்டியின் பவர் சப்ளை போகிற அன்னிக்குத்தான் தெரியும். மாறாக, ரெண்டே ரேக் வச்சுக்கிட்டு ‘ரேக்குக்கு ஒரு படி’ன்னா, மூணாவதுக்கு இடமே கிடைக்காது.

ரெண்டு ரேக்குக்கும் ஒரே மின்இணைப்பு என்றால், அது மென்பொருளுக்குத் தெரியாது. வரைபடத்தில் நாமதான் எழுதணும்.