மூட்டு மாற்று அறுவைக்குப் பின்: முழங்காலை இறுகவிடாதீர்கள்

தேய்ந்த முழங்கால் மூட்டை மாற்றுவது மருத்துவரின் பணி. மாற்றிய மூட்டை மடக்கி நீட்டிப் பழக்குவது நோயாளியின் பணி. புண் ஆறும்போது மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்கிறது. முதல் 6 வாரங்களில் அசைக்காமல் விட்டால் அது இறுகிவிடும். பிறகு தளர்த்துவது கடினம்.

"வலிக்கிறதே, படுத்திருங்கள் வாப்பா" என்று பிள்ளைகள் பாசத்தோடு தடுப்பார்கள். முழங்காலுக்கு அடியில் தலையணையும் வைப்பார்கள். இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். துணியைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தானாக நேராகும்.

வழக்கமாகச் சொல்லித்தரப்படும் பயிற்சிகள்:

1. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி செய்யலாம்.

2. காலை நீட்டி, முழங்காலின் பின்புறம் படுக்கையில் அழுந்தும்படி தொடையை இறுக்கி 5 விநாடி நிறுத்துதல், 10 முறை.

3. மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே பிட்டத்தை நோக்கி இழுத்து நீட்டுதல்; 10 முறை.

4. மறுகாலை மடக்கி வைத்து, அறுவை செய்த காலை மடக்காமல் அரை அடி உயர்த்தி மெல்ல இறக்குதல், 10 முறை.

இவற்றை நாளுக்கு 2 அல்லது 3 வேளை செய்யலாம். மருத்துவர் தந்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே உட்கொண்டால் பயிற்சி எளிதாகும். முடித்தபின் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைக்கலாம்.

ஊன்றுகோலை அறுவை செய்யாத காலின் பக்கமுள்ள கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழ, முழங்கால் சுமார் 90 பாகை மடங்க வேண்டும். சம்மணமிடவும் ஸுஜூது செய்யவும் அதைவிட அதிகம் மடங்க வேண்டும். ஆகவே தரையில் மண்டியிட அவசரப்பட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நாற்காலியில் தொழுவதில் கூச்சம் வேண்டாம்.

பயிற்சியில் ஓரளவு வலி இயல்பு. கெண்டைக்காலில் புதிய வலி அல்லது வீக்கம், காய்ச்சல், புண்ணில் சீழ் தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பிள்ளைகளே, பெற்றோரைப் படுக்கவைப்பது மட்டும் பணிவிடை அல்ல. கைபிடித்து எழுப்பி, பக்கத்தில் நின்று, எண்ணிச் சொல்லிப் பயிற்சி செய்யவைப்பதும் பணிவிடைதான்.