சந்தைக்கு வைத்த பெயர்

உலகின் மிகப் பெரிய நகரம் எது என்று கேட்டால், சீனாவின் சோங்சிங் என்று சொல்லும் பட்டியல்கள் உண்டு. பரப்பு 82,400 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 3.2 கோடி. இலங்கை முழுவதுமே 65,610 சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு பெரிய ஊர் நம்மில் பலர் காதில் விழாததற்கும், போய் இறங்குபவர் திகைப்பதற்கும் ‘ஷி’ என்ற சின்னச் சொல்லைத்தான் பிடிக்க வேண்டும்.

பழஞ்சீனத்தில் ‘ஷி’ என்றால் சந்தை. ‘செங்’ என்றால் மதில். இரண்டும் சேர்ந்த ‘செங்ஷி’தான் இன்றும் பேச்சில் நகரம். தாங் அரசர்களின் தலைநகரான சாங்ஆனில் கிழக்குச் சந்தை, மேற்குச் சந்தை என்று இரண்டு இருந்தன. இரண்டையும் சுற்றிச் சுவர். உச்சிவேளையில் முரசு 300 முறை முழங்கினால் கூட்டம் கூடலாம். பொழுது சாயுமுன் சேகண்டி 300 முறை ஒலித்தால் கலைய வேண்டும். ‘ஷி’ அந்தச் சுவருக்குள் அடங்கிய சொல். சோழர் கல்வெட்டுகளில் நம் ‘நகரம்’ வணிகர் சபையைக் குறித்ததை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

அந்தச் சந்தை, மாநகராட்சி ஆனது இருபதாம் நூற்றாண்டில். குவாங்சோ 1921இல் ‘ஷி’ ஆனது, சோங்சிங் 1929இல். அப்போதும் அது ஊரளவுதான். 1980களில் சுற்றுவட்டக் கிராமப் பகுதிகளை ‘ஷி’யின் ஆட்சிக்குக் கீழே கொண்டுவரும் வழக்கம் பரவியது. யாங்சி ஆற்றின் மூன்று பள்ளத்தாக்கு அணையால் லட்சக்கணக்கானோர் இடம்பெயர வேண்டி வந்தபோது, 1997இல் அவர்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதிகளையும் சேர்த்துச் சோங்சிங்கைச் சிச்சுவான் மாநிலத்திலிருந்து பிரித்து, நடுவண் அரசின் நேரடிப் பொறுப்பில் வைத்தார்கள். வயலும் மலையும் காடும் ‘ஷி’ ஆயின. நேர்மையாகப் பெயர் வைப்பதானால் மாநிலம் என்றே சொல்லியிருக்கலாம்.

பயணிக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. தாசூ பாறைச் சிற்பங்களும், வூலோங்கின் இயற்கைக் கல்பாலங்களும் ‘சோங்சிங் நகரில்’ இருப்பதாகத்தான் எழுதியிருக்கும். ஆட்டோ பிடித்துப் போய்வரும் தூரமா அது! ஒவ்வொன்றுக்கும் ஒரு பகல் ஒதுக்க வேண்டும்.

உண்மையான ஊரைத் தேட இன்னொரு பழைய சொல் உதவும். 1189இல் ‘இரட்டைக் கொண்டாட்டம்’ என்ற பொருளில் சோங்சிங் என்று பெயர் மாறுவதற்கு முன், நெடுங்காலம் இது யூஜோ. அந்த ‘யூ’ இன்றும் வண்டி எண் பலகைகளில் இருக்கிறது. ‘யூஜோங்’, அதாவது யூவின் நடு, என்பது யாங்சியும் ஜியாலிங் ஆறும் கூடும் இடத்தில் நீண்டிருக்கும் மலைமுனை. மதில் இருந்ததும் சந்தை கூடியதும் இங்கேதான். படிக்கட்டுகளே தெருக்களாக ஏறி இறங்கும். லிசிபா நிலையத்தில் மோனோரயில் 19 மாடிக் குடியிருப்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. நிலையம் இருப்பது 6 முதல் 8 வரையிலான தளங்களில். ரயிலின் தூண்களைக் கட்டடத்தின் தூண்களோடு சேர்க்காமல் தனியாக எழுப்பியிருப்பதால், மேலே குடியிருப்போருக்கு அதிர்வு எட்டுவதில்லை. கீழே சாலையோரம் கைபேசியை உயர்த்தியபடி அடுத்த வண்டிக்குக் காத்து நிற்கும் கூட்டம் எப்போதும் உண்டு.

ஆகவே விடுதி பதிவு செய்யும்போது முகவரியில் ‘யூஜோங்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘சோங்சிங்’ என்று மட்டும் இருந்தால், எந்த வட்டாரம் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.