கீழே இழுக்கும் மேசை பிறந்த கதை

பச்சைத் தோல் அழுகும், பதனிட்ட தோல் அழுகாது. திண்டுக்கல் பேகம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலின் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகின்றன. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதையை ஃபார்மலினில் போடுவதும் இதே காரியத்துக்குத்தான்.

இது விரல்நுனியில் தெரியவந்த உண்மை. 1893-ல் பிராங்பர்ட் மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம், ஃபார்மலினில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். அதிலேயே புழங்கிய அவர் விரல்களின் தோல் விறைத்துப்போனது. திசுவையும் இப்படிக் கெட்டிப்படுத்தலாமே என்று முயன்றார், பலித்தது. சந்தையில் கிடைத்த கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

விரலைப் பதனிட்ட பொருள் மூக்கையும் தொண்டையையும் விட்டுவைக்குமா? அமெரிக்கா 1992-ல் வேலையிடக் காற்றில் ஃபார்மால்டிஹைடுக்கான வரம்பைக் குறைத்தது: எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சம் பங்கு காற்றில் முக்கால் பங்கு. 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது.

திசுவை வெட்டிப் பார்க்கும் மருத்துவர் அதன்மேல் குனிந்தே நிற்கிறார். மின்விசிறி போட்டால் ஆவி அறையெங்கும் பரவும். சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால், மேலே போகும் ஆவி அவர் முகத்தைத் தாண்டித்தான் போகும். ஆவி முகத்துக்கு வரும் முன்பே அதை இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற தேவையில் பிறந்ததுதான் துளையிட்ட எஃகு மேசை. காற்று மருத்துவரின் முதுகுப் பக்கமிருந்து வந்து, திசுவைத் தழுவி, துளைகள் வழியே கீழே இறங்கி, குழாயில் கூரைக்கு மேல் வெளியேறுகிறது. குழாய் போட வழியில்லாத இடத்தில் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி உண்டு. அதைக் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை.

இந்த மேசை வேறு, கிருமிகளைக் கையாளும் கிருமிப் பாதுகாப்புப் பெட்டி வேறு. அதன் ஹெப்பா வடிகட்டி காசநோய்க் கிருமியைப் பிடிக்கும். ஃபார்மலின் ஆவி அதைத் தாண்டிவிடும். பல பெட்டிகள் அந்தக் காற்றை அறைக்கே திருப்பி அனுப்புகின்றன. எனவே வாங்கும் முன் கேட்க வேண்டியது: நாம் தடுக்க வேண்டியது கிருமியா, ஆவியா?

2022-ல் திண்டுக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இனி இங்கே ஆய்வகம் அமைப்பவர்கள் ஃபார்மலின் புட்டியைத் திறப்பதற்கு முன் மேசை விளிம்பில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கட்டும். புகை துளைக்குள் இறங்கினால் சரி. முகத்துக்கு ஏறினால் அந்த மேசை வேண்டாம்.