மீட்புப் பணிக்கு ஒரே தலைமை வேண்டும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை விழுங்கியபோது, முதலில் மீட்புப் பணியில் இறங்கியோர் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர். உயிர்தப்பிய மீனவர்களும் அயற்கிராமத்து இளைஞர்களுமே இறங்கினர். மாவட்டத்தில் ஏறத்தாழ 3000 உயிர்கள் பலியாகின. எஞ்சியோர் முள்ளியவளை, புதுக்குடியிருப்பு என உள்நிலத்து ஊர்களை நோக்கி வந்தனர். சுமத்திரா அருகே பூமி அதிர்ந்த பின்னர் அலை இலங்கையை எட்டச் சுமார் இரண்டு மணித்தியாலங்கள் சென்றன. ஆயினும் அபாயத்தைக் கரையோர மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு எதுவும் அன்று இருக்கவில்லை.

அனர்த்த வேளையில் துணிவுள்ளோருக்குப் பஞ்சமில்லை. எவர் எங்கே தேடுவது என்று தீர்மானிப்போர் இல்லாமையே பெருங்குறை. தலைமை இல்லாதவிடத்து ஒரே வீடு மும்முறை தேடப்படும். அடுத்த வீடு தேடப்படாமலே விடப்படும்.

இவ்வுண்மையை அமெரிக்கா 1970 இல் கலிபோர்னியக் காட்டுத்தீயின்போது உணர்ந்தது. பல திணைக்களங்கள் தத்தம் கட்டளைப்படி இயங்கியதால் நேர்ந்த குழப்பத்தின் விளைவாகவே 'சம்பவக் கட்டளை முறைமை' உருவானது. இதன்படி சம்பவ இடத்தில் கட்டளைத் தளபதி ஒருவரே இருப்பார். அவரின் கீழ் களநடவடிக்கை, திட்டமிடல், வழங்கல், நிதி நிர்வாகம் எனப் பிரிவுகள் இயங்கும். ஒருவர் மூன்று முதல் ஏழு பேரை மாத்திரமே நேரடியாக வழிநடத்துவார். ஐவர் என்பதே உகந்த அளவு. ஒவ்வொருவரும் ஒரு மேலாளருக்கே பதில் கூறுவர்.

1985 இல் மெக்சிகோவிலும் 1988 இல் ஆர்மேனியாவிலும் நிகழ்ந்த பூகம்பங்களின் படிப்பினையாக, 1991 இல் ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் சர்வதேசத் தேடுதல், மீட்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. வெளிநாட்டு அணிகள் ஒரே ஒருங்கிணைப்பு நிலையத்தில் பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பகுதியில் பணியாற்றுகின்றன. தேடி முடித்த கட்டடத்தில் குறியிட்டுச் செல்வதால் அடுத்த அணியின் நேரம் வீணாவதில்லை. எனினும் இறுதி அதிகாரம் பாதிக்கப்பட்ட நாட்டுக்கே உரியது.

இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டம் ஆழிப்பேரலைக்குப் பின்னரே வந்தது. அதன்வழி அமைந்த இடர் முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அதே ஆண்டு ஜூன் 24 ஆம் திகதி அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணப் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. முஸ்லிம் மக்களும் பேரழிவைச் சந்தித்திருந்தும் அவர்களின் பிரதிநிதிகள் அதில் கைச்சாத்திடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய ஏற்பாடுகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு செயற்படாமலே போயிற்று. அனர்த்தத்தின் பின்னர் அதிகாரத்தைப் பங்கிட முனைந்ததன் விலை இதுவாகும்.

2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டது. அடுத்த அனர்த்தம் நாள் பார்த்து வருவதில்லை. பிரதேச செயலாளர், கிராம அலுவலர், வைத்தியசாலை, பொலிஸார், படையினர், கடற்றொழிலாளர் சங்கங்கள், ஆலய, பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தினர் ஆகியோர் அமைதிக் காலத்திலேயே ஒன்றுகூடித் தலைமை எவர், மாற்றுத் தலைமை எவர், படகும் உழவு இயந்திரமும் எவர் பொறுப்பு என்பதை எழுதிவைத்தல் வேண்டும். அலை தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்று பார்ப்பதில்லை. மீட்போரின் பட்டியலும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.