சிறைக்குள் ஓர் ஆயர்: கர்தினால் வான் துவான் வாழ்க்கை

ஜூபிலி ஆண்டு வந்துவிட்டால் நாம் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறோம். கோவிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது எப்போது, மணிக்கூண்டு எழுப்பிய குருவானவர் யார், பள்ளிக்கூடம் எவ்வாறு வளர்ந்தது என்பனவெல்லாம் மலரின் பக்கங்களை நிரப்புகின்றன. முன்னோரின் உழைப்பை நினைவுகூர்வது நம் கடமையே. ஆயினும், தாம் கட்டி வளர்த்த அனைத்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போக, வெறுங்கையராய் 13 ஆண்டுகள் சிறையில் கழித்த ஓர் ஆயரின் வரலாற்றையும் இவ்வேளையில் நம் பங்கு மக்கள் முன் வைக்க விரும்புகிறோம். வியட்நாம் நாட்டுக் கர்தினால் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் அவர்களே அந்த ஆயர். நம் முத்துக்குளித்துறையில் வேதம் போதித்த அதே புனித சவேரியாரின் பெயர்தான் அவருக்கும்.

இவர் 1928 ஏப்ரல் 17-ஆம் நாள் ஹுவே நகரில் பிறந்தார். வேதத்திற்காக இரத்தம் சிந்திய முன்னோரின் கதைகளைத் தாயார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். 1953-இல் குருப்பட்டம் பெற்று, உரோமையில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1967-இல் நா திராங் மறைமாவட்டத்தின் ஆயரானார். அங்கே எட்டே ஆண்டுகளில் பெரிய குருமடத்து மாணவர் 42-இலிருந்து 147 ஆயினர். சிறிய குருமடத்தில் 200 பேர் 500 ஆயினர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தென் வியட்நாமின் முதல் குடியரசுத் தலைவராயிருந்து 1963-இல் கொல்லப்பட்ட நோ டின் டியெம் இவருடைய தாய்மாமன். கம்யூனிஸ்டு ஆட்சியாளர் இவரை ஐயக்கண்ணோடு பார்த்ததற்கு வேதம் மட்டுமே காரணமன்று. குடும்பமும் ஒரு காரணம். 1975 ஏப்ரல் 24-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் இவரைச் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசுப் பேராயராக நியமித்தார். ஆறு நாளில், ஏப்ரல் 30-இல், சைகோன் வீழ்ந்தது. இந்த நியமனம் வத்திக்கானும் ஏகாதிபத்தியவாதிகளும் சேர்ந்து செய்த சதி என்று புதிய ஆட்சி குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டு இருந்ததே தவிர, வழக்கு விசாரணை கடைசிவரை நடக்கவில்லை, தீர்ப்பும் இல்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, அரச மாளிகைக்கு வரவழைத்துக் கைது செய்தார்கள். நமக்கு அது சுதந்திரத் திருநாளும் ஆயிற்றே! உடுத்திய அங்கியும் பையில் கிடந்த ஜெபமாலையுமே அவர் உடைமை. காரில் ஏற்றி நா திராங் பக்கமாகக் கொண்டு சென்றார்கள். விடுதலை என்று வருமோ என்று காத்துக்கொண்டிராமல், கையிலிருக்கும் இந்த வேளையை அன்பால் நிரப்புவது என்று அந்தப் பயணத்திலேயே அவர் முடிவு செய்துகொண்டார்.

முதலில் ஒரு சிற்றூரில் வீட்டுக்காவல். மக்களிடம் பேச வழியில்லை. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மூலம் பழைய நாட்காட்டித் தாள்களை வரவழைத்து, அவற்றின் பின்புறத்தில் இரவுதோறும் சிறு சிறு சிந்தனைகளை எழுதினார். சிறுவன் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல, அவனுடைய உடன்பிறந்தோர் படியெடுத்துப் பரப்பினர். 'நம்பிக்கையின் பாதை' என்று பின்னர் பல மொழிகளில் வெளிவந்த நூல் இப்படித்தான் உருவாயிற்று.

அடுத்து வந்ததுதான் கொடிய காலம். தனிமைச் சிறை; அது மொத்தம் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. சன்னலில்லாத ஈரம் கசியும் அறை. சில வேளை பகலும் இரவும் விளக்கெரியும். சில வேளை நாட்கணக்கில் இருட்டு. மூச்சு முட்டும்போது தரையில் படுத்து, கதவடியிலிருந்த ஓட்டையில் மூக்கை வைத்துச் சுவாசிப்பாராம். ஆனால் உடல் வேதனையைவிட அவரை வதைத்தது வேறொன்று. 47 வயது, வேலை செய்யும் பருவம், குருமடங்களும் மக்களும் மேய்ப்பரின்றித் தவிக்க, தாம் இங்கே சும்மா கிடப்பதா? ஓரிரவு அவருள்ளத்தில் தெளிவு பிறந்தது. தாம் செய்துவந்தவை யாவும் கடவுளின் வேலைகள். அவை கடவுள் அல்ல. அவற்றை அவர் வேறொருவரிடம் ஒப்படைக்கக்கூடும். தாம் தேர்ந்துகொண்டது கடவுளையே. அன்றிரவு முதல் மனம் அமைதியடைந்ததாக அவரே பிற்காலத்தில் கூறினார். ஜூபிலிக் கணக்கு எழுதும் நமக்கு இந்த இடம் சற்று உறைக்கிறது.

அவர் எப்போதும் ஜெபத்தில் மூழ்கியிருந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். ஜெபிக்கவே இயலாத நாட்கள் பல இருந்தன. அப்போது மனப்பாடமான பரலோக மந்திரத்தையும் அருள்நிறை மந்திரத்தையும் பற்றிக்கொண்டார்.

திருப்பலிக்கு என்ன செய்தார்? வயிற்றுவலி மருந்து வேண்டும் என்று வெளியே எழுதினார். விசுவாசிகள் புரிந்துகொண்டு மருந்துப் புட்டியில் திராட்சை இரசமும், டார்ச் லைட்டுக்குள் மறைத்து அப்பமும் அனுப்பினர். வயிற்றுவலியா என்று அதிகாரி கேட்டுவிட்டு, மருந்தை அவரே கொண்டுவந்து கொடுத்தார்! மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர், உள்ளங்கையே திருக்கிண்ணம். 1976 டிசம்பரில் ஏறத்தாழ 1,500 கைதிகளோடு கப்பலில் வடக்கே கொண்டு செல்லப்பட்டு, மலைப்பகுதி முகாமில் அடைபட்டபோது, இரவு விளக்கணைந்தபின் படுக்கையில் குனிந்தபடியே பூசை வைத்தார். சிகரெட் உறைத் தாளில் செய்த சிறு பைகளில் தேவநற்கருணை கைதிகளிடையே சென்றது.

காவலர் கதை இன்னும் சுவையானது. இவரோடு பேசக்கூடாது என்பது அவர்களுக்குக் கட்டளை. இவர் மனந்தளராமல் புன்னகைத்தார். தாம் கண்ட நாடுகளைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்தார். இவரால் காவலர் மனம் மாறிவிடுகிறது என்றஞ்சி, மேலதிகாரிகள் அடிக்கடி ஆளை மாற்றினர். இப்படியே போனால் சிறைக்காவலர் அனைவரையுமே கெடுத்துவிடுவார் என்று கண்டு, பிறகு மாற்றுவதையே நிறுத்திவிட்டனராம். ஒரு காவலர் இலத்தீன் பாட்டு ஒன்று கற்றுக்கொள்ள விரும்பி, தூய ஆவியை அழைக்கும் 'வேனி கிரேயாத்தோர்' கீதத்தைத் தேர்ந்தெடுத்தார். நாள்தோறும் காலையில் உடற்பயிற்சிக்கு மரப்படியிறங்கி ஓடும்போது அதைப் பாடிக்கொண்டே போவார். கம்யூனிஸ்டு சிறையில், கம்யூனிஸ்டு காவலரின் வாயில்!

மரம் வெட்டும் வேலையின்போது ஒரு காவலரிடம் கேட்டுச் சிறு சிலுவையொன்று செதுக்கிக்கொண்டார். கண்டால் தண்டனை என்பதால் அதைச் சோப்புக் கட்டிக்குள் ஒளித்து வைத்தார். பின்னர் மற்றொரு சிறையில் மின்கம்பித் துண்டு கேட்டபோது, தற்கொலை செய்துகொள்வாரோ என்று காவலர் பயந்துபோனார். சிலுவைக்குச் சங்கிலி என்று தெரிந்ததும், மூன்று நாள் கழித்து இரண்டு குறடுகளோடு வந்து, தம் காவல் நேரத்திலேயே உடனிருந்து செய்துகொடுத்தார்.

1988 நவம்பர் 21, அன்னை மரியா கோவிலில் காணிக்கையான திருநாள். உள்துறை அமைச்சர் மாய் சி தோ அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். விடுதலை என்றார். எப்போது? இன்றே என்றார். மூன்று திருத்தந்தையரின் காலத்தையும், சோவியத் நாட்டில் பிரெஷ்னேவ் முதல் கோர்பச்சோவ் வரை நால்வரின் காலத்தையும் சிறையிலேயே கழித்துவிட்டதாகவும் சொன்னார். அமைச்சர் இசைந்தார். ஆயினும் சைகோன் திரும்ப விடவில்லை. 1991-இல் உரோமை சென்றவரை நாடு திரும்ப வேண்டாமென்று அரசு தடுத்துவிட்டது. அங்கே நீதி, அமைதிக்கான திருப்பீட அவையின் தலைவராய்ப் பணியாற்றி, 2001-இல் கர்தினாலாகி, 2002 செப்டம்பர் 16-இல் இறைவனடி சேர்ந்தார். 2017-இல் வணக்கத்திற்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

விடுதலைக்குப்பின் அவர் மார்பில் அணிந்திருந்தது அந்த மரச்சிலுவையையே. உலோகத்தால் உறையிட்டிருந்தார். சங்கிலி, காவலர் குறடு பிடித்து முறுக்கித் தந்த அதே கம்பி.